சும்மா விட்ட கால்கள்

வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு லாஜிக் சிப்பின் (பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே நிலைகளைக் கொண்டு வேலை செய்யும் சிப்) உள்ளீட்டுக் காலில் எதையுமே இணைக்காமல் விட்டால் அது பூஜ்யமா, ஒன்றா? பாதிப் பேர் யோசிக்காமல் "பூஜ்யம்" என்பார்கள். மின்னழுத்தம் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே பூஜ்யம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பழைய பாடப்புத்தகம் படித்தவர்கள் "ஒன்று" என்பார்கள். அபூர்வமாக ஒருவர் "எந்தக் குடும்பத்துச் சிப் சார்?" என்று திருப்பிக் கேட்பார். அடுத்த கேள்விக்குப் போகும் முன்பே அவரை எனக்குப் பிடித்துப்போய்விடும்.

"ஒன்று" என்பவர்களைக் குறை சொல்ல முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960களின் நடுவில் கொண்டுவந்த 7400 வரிசை டி.டி.எல். சிப்கள் (இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆன பழைய குடும்பம்) அப்படித்தான் நடந்துகொண்டன. அவற்றில் உள்ளீடு என்பது ஒரு டிரான்சிஸ்டரின் எமிட்டர், அதன் மூன்று முனைகளில் ஒன்று. உள்ளே ஏறக்குறைய 4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு மின்னோட்டம் வந்துகொண்டே இருக்கும். அது எமிட்டர் வழியாக வெளியே வடிந்தால் பூஜ்யம். வடிய வழியில்லாவிட்டால் உள்பக்கமாகத் திரும்பி அடுத்த டிரான்சிஸ்டரை இயக்கிவிடும், அது ஒன்று. இணைக்காத காலை ஒன்றாக எடுத்துக்கொள்வதற்கு அங்கே உருப்படியான காரணம் இருந்தது. ஆனாலும் அந்தக் காலை அளந்து பார்த்தால் 1.3 முதல் 1.6 வோல்ட் வரைதான் இருக்கும். ஒன்று என்று உறுதியாக ஏற்க 2 வோல்ட் வேண்டும், பூஜ்யம் என்று உறுதியாக ஏற்க 0.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் கணக்கு. ஆக அன்றைக்கும் அந்தக் கால் உட்கார்ந்திருந்தது வரையறைக்கு வெளியேதான். பக்கத்துத் தடத்தில் ஒரு பெரிய துடிப்பு போனால் இதுவும் சற்றே ஆடும். பெரும்பாலும் காரியம் நடந்துவிடும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

அந்தப் பழக்கம்தான் பின்னால் வினையாக முடிந்தது. 1968இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 4000 வரிசை சிமாஸ் சிப்களைக் கொண்டுவந்தது. மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர்களால் ஆன குடும்பம் இது. 1980களில் 74எச்.சி. வரிசை வந்தது. கால்களின் அமைப்பு பழைய 7400இல் இருந்ததுபோலவே, உள்ளே மட்டும் சிமாஸ். வெளியிலிருந்து பார்த்தால் எண்ணின் நடுவே இரண்டு எழுத்துகள் கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய பலகையில் பழைய சிப்பைக் கழற்றிவிட்டு இதைச் செருகலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். அங்கே சும்மா விட்ட கால்கள் இருந்தால் தொலைந்தது.

சிமாஸ் உள்ளீட்டில் மின்னோட்டம் நுழைவதற்குப் பாதையே கிடையாது. கால் போய்ச் சேரும் இடம், மெல்லிய ஆக்சைடு படலத்தால் பிரிக்கப்பட்ட டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டு முனை. மின்சாரக் கண்ணோட்டத்தில் அது சுமார் 5 பிக்கோ ஃபாரட் அளவுள்ள ஒரு சின்னக் கெபாசிட்டர். அதில் தேங்கியிருக்கும் மின்னேற்றம் எவ்வளவோ, அதுதான் அந்தக் காலின் மின்னழுத்தம். யாரும் ஏற்றாமல், யாரும் இறக்காமல் விட்டால், பாதுகாப்பு டயோடுகளின் (அளவுமீறிய மின்னழுத்தம் வந்தால் வழிவிட்டுக் காலைக் காப்பவை) கசிவும் பலகையின் மேற்பரப்புக் கசிவும்தான் அதைத் தீர்மானிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கசிவு 1 பிக்கோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 5 பிக்கோ ஃபாரட்டில் மின்னழுத்தம் விநாடிக்கு 0.2 வோல்ட் நகரும். 10 பிக்கோ ஆம்பியர் என்றால் விநாடிக்கு 2 வோல்ட். அதாவது, இப்போது பூஜ்யமாக இருக்கும் ஒரு கால், நீங்கள் திரும்பி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவருவதற்குள் ஒன்றாகியிருக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவுபோல அது எந்தப் பக்கமும் போகும். அதைவிட மோசம், நடுவிலும் நிற்கும்.

நடுவில் நிற்பது ஏன் மோசம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிப்புக்குள் ஒரு லாஜிக் வேலையைச் செய்யும் சிறு சுற்றைத்தான் கேட் என்கிறோம், ஒரே சிப்பில் பல கேட்கள் இருக்கும். "தேவையில்லாத கேட்தானே, அதன் வெளியீடு என்னவானால் என்ன" என்று கேட்பவர்களுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சிமாஸ் கேட்டில் மேலே ஒரு டிரான்சிஸ்டர் சப்ளையோடும், கீழே ஒன்று கிரவுண்டோடும் இணைந்திருக்கும். உள்ளீடு பூஜ்யமானால் மேலே உள்ளது திறக்கும், கீழே உள்ளது மூடும், ஒன்றானால் தலைகீழ். எப்போதும் ஒன்று மூடியிருப்பதால்தான் சும்மா இருக்கும்போது சிமாஸ் மின்சாரமே தின்பதில்லை. உள்ளீடு நடுவில் நின்றாலோ இரண்டும் பாதி திறந்துகொள்ளும். சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேராக ஒரு பாதை உண்டாகிவிடும். சப்ளை மின்னழுத்தத்தைப் பொறுத்து ஒரு கேட்டுக்குச் சில நூறு மைக்ரோ ஆம்பியரிலிருந்து சில மில்லி ஆம்பியர் வரை இப்படி வீணாகப் போகலாம்.

சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியில் இது யார் கண்ணிலும் படாது. பேட்டரியில் ஓடும் கருவியில் உயிர் போகும் விஷயம். 3 வோல்ட் நாணய பேட்டரிகளில் பரவலாகப் புழங்கும் 2032 வகையின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. 74எச்.சி. வரிசையின் எளிய கேட் சிப் ஒன்று அசையாமல் இருக்கும்போது அறை வெப்பநிலையில் அதிகபட்சம் 2 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்கிறது தயாரிப்பாளர் தரும் தரவுத்தாள். அந்தக் கணக்கில் 1,10,000 மணி நேரம் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் பேட்டரியே வயதாகிச் செத்துவிடும். அதே சிப்பில் பயன்படாத கேட் ஒன்று மிதந்து அரை மில்லி ஆம்பியர் இழுத்தால் 440 மணி நேரம், அதாவது 18 நாள். நிரலில் தூக்க நிலையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் தின்றுகொண்டிருப்பது நிரலே ஓடாத ஒரு சிப்பாக இருக்கும்.

இன்னொன்று, நடுவில் நிற்கும் கேட் ஒரு பெருக்கி. இடையகம் (வெளியீட்டை வலுப்படுத்தும் கூடுதல் கட்டங்கள்) சேர்த்த கேட்களில் உள்ளே மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து இருப்பதால் பெருக்கம் மிக அதிகம். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் துளியளவு சமிக்ஞை திரும்பி வந்தாலும் போதும், பல மெகா ஹெர்ட்ஸில் தானாக அலைபாயத் தொடங்கிவிடும். அதன் இரைச்சல் சப்ளைத் தடத்தில் ஏறும். அதே பலகையில் மைக்ரோ வோல்ட் அளக்கும் பகுதி ஏதாவது இருந்தால் அங்கே எண்கள் குதிக்கும். பயன்படாத கேட்டுக்கும் அளவீட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட ஒரு சிறிய சோதனையைச் செய்து காட்டுவது எனக்குப் பிடிக்கும். 4017 என்ற பத்து வெளியீட்டு எண்ணிச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வெளியீட்டிலும் ரெசிஸ்டரோடு ஒவ்வொரு எல்.இ.டி. 13ஆம் காலையும் 15ஆம் காலையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். 14ஆம் கால் கடிகாரத் துடிப்பு வர வேண்டிய இடம். அதில் ஒரு விரல் நீளக் கம்பியைச் செருகி அந்தரத்தில் விடுங்கள். பலகையைத் தொட வேண்டாம், கையைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோனாலே போதும், விளக்குகள் ஓடத் தொடங்கும். உங்கள் உடம்பு வீட்டு மின்கம்பிகளிலிருந்து வாங்கிய 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையைத்தான் அந்தச் சிப் எண்ணுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு விளக்கும் விநாடிக்கு ஐந்து முறை மின்னும். கையை எடுத்தால் ஏதோ ஒரு விளக்கில் நின்றுவிடும். எந்த விளக்கு என்று பந்தயம் கட்ட முடியாது. இதைப் பார்த்த பிறகு உள்ளீட்டுக் காலைச் சும்மா விடும் மாணவரை நான் சந்தித்ததில்லை.

ஆனால் உண்மையான பலகைகளில் கோளாறு இவ்வளவு நாணயமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. நண்பர் ஒருவர் கொண்டுவந்த எண்காட்டிப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு 74எச்.சி.595 சிப்கள் (ஒரே கம்பியில் அடுத்தடுத்து வரும் தகவலை எட்டு வெளியீடுகளாக விரிப்பவை) சங்கிலியாக நான்கு இலக்கங்களை ஓட்டின. சில மணி நேரம் ஒழுங்காக ஓடும். திடீரென்று நான்கு இலக்கமும் அணைந்துவிடும். பிறகு தானாகவே வரும். நிரலை மாற்றிப் பார்த்தார், சப்ளையை மாற்றிப் பார்த்தார், சிப்களையும் மாற்றிப் பார்த்துவிட்டார். மாற்றியதும் ஓரிரு நாள் ஓடியது, மறுபடி பழைய கதை. "மீட்டரை வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பேசாமல் மீட்டரையும் உள்ளே வைத்தே விற்றுவிடலாம் போலிருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்று சலித்துக்கொண்டார்.

அவர் சலிப்பில் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் விடை இருந்தது. அவர் மீட்டர் முனையை வைத்தது 13ஆம் காலில். 595இல் அது வெளியீடுகளைத் திறக்கும் கால். பூஜ்யமானால் வெளியீடுகள் வேலை செய்யும், ஒன்றானால் எல்லா வெளியீடும் துண்டிக்கப்படும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். நாம் அதை ஒன்றுமே இல்லை என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். பிக்கோ ஆம்பியர் கசிவில் தொங்கிக்கொண்டிருக்கும் காலுக்கு அந்த 10 மெகா ஓம் பலமான கயிறு. தொட்ட கணமே அதைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். மீட்டரும் சாதுவாக 0.00 காட்டும். "பூஜ்யமாகத்தானே இருக்கிறது, சரிதான்" என்று அடுத்த காலுக்குப் போய்விடுவோம். முனையை எடுத்த பிறகும் மின்னேற்றம் உடனே மாறாது என்பதால் இன்னும் சிறிது நேரம் ஓடும், பிறகு நகர்ந்து நகர்ந்து எல்லையைத் தாண்டும், விளக்கு அணையும். அலைவடிவம் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் பத்துக்கு ஒன்று முனையும் இதே 10 மெகா ஓம்தான். அதை வைத்துப் பார்த்தாலும் இதே நாடகம்தான்.

மின்சுற்றுப் படத்தை விரித்தபோது காரணம் தெரிந்தது. முதல் வடிவமைப்பில் அந்த நான்கு கால்களும் ஒன்றாக இணைந்து, நிரலை ஓட்டும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலருக்குப் போயிருந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க. பிறகு அந்த வசதி வேண்டாம் என்று தடத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். நான்கு கால்களும் தங்களுக்குள் இன்னும் இணைந்தே இருந்தன. படத்தில் பார்ப்பவருக்கு அழகாக ஒரு கோடு தெரிகிறது, இணைப்பு இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தக் கோட்டை ஓட்டுவதற்கு மறுமுனையில் ஒருவருமில்லை. போதாக்குறைக்கு 13ஆம் காலின் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 14. இரண்டிலும் ஓயாமல் துடிப்புகள் ஓடுகின்றன. நடுவே சரியாகக் கழுவப்படாத ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது பூசும் பசை) கறை. சிப் மாற்றியதும் ஓரிரு நாள் ஓடியதற்கு என் ஊகம், மாற்றும்போது அந்த இடத்தைச் சுத்தம் செய்திருப்பார்கள் என்பதே. அந்தக் கோட்டைக் கிரவுண்டில் கட்டியதோடு பலகை அடங்கிவிட்டது.

இத்தகைய காலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சந்தேகப்படும் காலில் வைத்து, மறுமுனையை முதலில் சப்ளையிலும் பிறகு கிரவுண்டிலும் தொட்டுப் பாருங்கள். மீட்டரும் அந்தக் காலிலேயே இருக்கட்டும். யாராவது அந்தக் காலை முறையாக ஓட்டிக்கொண்டிருந்தால் மீட்டரில் அசைவே தெரியாது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கட்டப்பட்டிருந்தால் பத்தில் ஒரு பங்கு அசையும். 5 வோல்ட் சப்ளையில் ஏறக்குறைய 0வுக்கும் 5க்கும் முழுதாக ஆடினால் அந்தக் கால் அந்தரத்தில் இருக்கிறது.

சரி, எங்கே கட்டுவது? "எல்லாவற்றையும் கிரவுண்டில் கட்டிவிடு" என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே கலந்துவிடும் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கேட் முழுவதுமே தேவைப்படவில்லை என்பது ஒன்று. அதன் உள்ளீடுகளைக் கிரவுண்டிலோ சப்ளையிலோ எங்கே கட்டினாலும் குற்றமில்லை. நடுவில் நிற்காமல் இருந்தால் சரி. தேவைப்படும் ஒரு கேட்டில் ஓர் உள்ளீடு மட்டும் மீந்துபோவது இன்னொன்று. அங்கே எங்கே கட்டுவது என்பதை லாஜிக்தான் சொல்லும். மூன்று உள்ளீட்டு நேண்ட் கேட்டில் (எல்லா உள்ளீடும் ஒன்றானால் மட்டும் பூஜ்யம் தருவது) இரண்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்றால், மூன்றாவதைக் கிரவுண்டில் கட்டினால் வெளியீடு நிரந்தரமாக ஒன்றில் நின்றுவிடும்; சப்ளையில்தான் கட்ட வேண்டும். எல்லாம் ஒன்றானால் மட்டும் ஒன்று தரும் ஆண்ட் கேட்டும் அப்படியே. ஓர் உள்ளீடு ஒன்றானாலே வெளியீடு முடிவாகிவிடும் ஆர், நார் கேட்களில் மீந்ததைக் கிரவுண்டில் கட்ட வேண்டும். எக்ஸ்ஆர் கேட்டில் கிரவுண்டில் கட்டினால் மற்ற உள்ளீடு அப்படியே வெளியே வரும், சப்ளையில் கட்டினால் தலைகீழாக வரும்.

கட்டுப்பாட்டுக் கால்கள்தான் அதிகம் காலை வாருபவை. 74எச்.சி.74 என்ற ஃபிளிப் ஃப்ளாப்பில் (ஒரு நிலையை நினைவில் வைக்கும் சுற்று, சிப்பில் இரண்டு உண்டு) அழிக்கும் காலும் நிறுவும் காலும் பூஜ்யத்தில் வேலை செய்பவை. பயன்படுத்தும் பாதியில் அவற்றைச் சப்ளையில் கட்டாவிட்டால் எந்த நேரமும் தானாக அழியும், தானாக நிறுவிக்கொள்ளும். 595இன் 10ஆம் காலும் அந்த ரகம். 74எச்.சி.138இல் மூன்று அனுமதிக் கால்கள்: 6ஆம் கால் ஒன்றாகவும், 4, 5 இரண்டும் பூஜ்யமாகவும் இருந்தால்தான் சிப் வாய் திறக்கும். கால்களின் பெயருக்கு மேல் கோடு (பூஜ்யத்தில் வேலை செய்யும் என்பதன் அடையாளம்) போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓர் அதிபுத்திசாலித்தனமான தவறையும் சொல்லிவிடுகிறேன். மீந்த இன்வெர்ட்டரின் (உள்ளீட்டைத் தலைகீழாக்கும் கேட்) உள்ளீட்டை அதன் வெளியீட்டிலேயே கட்டிவிடுவது. "வெளியே எங்கும் போக வேண்டாம், அதற்குள்ளேயே முடிந்தது" என்று ஒருவர் பெருமையோடு காட்டினார். அப்படிக் கட்டினால், ஒரே கட்டம் கொண்ட இன்வெர்ட்டர் தன்னைத்தானே சரியாக நடுவில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளும். எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதை நிரந்தரமாக்கிவிடும். மூன்று கட்டம் உள்ளது அலைபாயும். ஷ்மிட் வகை (ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது வேறோர் எல்லை கொண்டது) கட்டாயம் அலைபாயும்.

நேராகக் கட்டுவதா, ரெசிஸ்டர் வழியாகவா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. சிமாஸைப் பொறுத்தவரை நேராகக் கட்டுவதில் மின்சார ரீதியாகத் தவறில்லை. அதே சிப்பின் சப்ளையில்தான் கட்டுகிறோமா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வேறொரு சப்ளையில் கட்டினால், இந்தச் சிப்புக்கு மின்சாரம் வராத நேரத்தில் உள்ளீட்டின் பாதுகாப்பு டயோடு வழியாக மின்சாரம் ஏறும். சப்ளைக் கால் கழன்றுபோன சிப் ஒன்று உள்ளீட்டு வழியாகவே மின்சாரம் திருடி அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கும் வேடிக்கையும் இந்த டயோடால்தான்.

என் வழக்கம் இது: முழுதாக மீந்த கேட்களை நேராகக் கட்டிவிடுவேன், பயன்படும் சிப்பின் அழிக்கும் கால், அனுமதிக் கால் போன்றவற்றை 10 கிலோ ஓம் வழியாகக் கட்டுவேன். பின்னால் சோதிக்கும்போது அந்தக் காலை வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக மாற்றிப் பார்க்க வசதி இருக்கும். தரவுத்தாள் ஒப்புக்கொள்ளும் மிக மோசமான கசிவு 1 மைக்ரோ ஆம்பியர் என்றாலும் 10 கிலோ ஓமில் 10 மில்லி வோல்ட்தான் விழும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று 1 மெகா ஓம் போடுபவர்கள் உண்டு. அசையாத காலில் மின்னோட்டமே ஓடாது, மிச்சமாவது ஒன்றுமில்லை. அதே 1 மைக்ரோ ஆம்பியர் அங்கே 1 வோல்ட் ஆகிவிடும். 4.5 வோல்ட்டில் ஓடும் 74எச்.சி. சிப் பூஜ்யம் என்று ஏற்கும் உச்சம் 1.35 வோல்ட். அவ்வளவு நெருக்கத்தில் நிற்க எந்த அவசியமும் இல்லை.

பழைய டி.டி.எல். பலகையைப் பழுதுபார்ப்பவர்கள் மட்டும் இந்த 10 கிலோ ஓமை மறந்துவிட வேண்டும். அந்தக் குடும்பத்தில் உள்ளீட்டைப் பூஜ்யமாக்க 1.6 மில்லி ஆம்பியர் வரை வெளியே இழுக்க வேண்டும். 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டில் கட்டினால் கால் கீழே இறங்கவே இறங்காது. சிப் அதை ஒன்று என்றே படிக்கும். நேராகத்தான் கட்ட வேண்டும். சப்ளைப் பக்கம் கட்டும்போது நிலைமை தலைகீழ்: உள்ளீடு தாங்கும் உச்சம் 5.5 வோல்ட், சப்ளைக் கால் தாங்குவதோ 7 வோல்ட். சப்ளை ஒரு கணம் எகிறினால் உள்ளீடு முதலில் சாகும் என்பதால் நடுவே 1 கிலோ ஓம் போடுவது வழக்கம். ஒரே ரெசிஸ்டரில் பல கால்களைக் கட்டலாம். பின்னால் வந்த எல்.எஸ். என்ற டி.டி.எல். வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மீந்த உள்ளீட்டைப் பக்கத்தில் பயன்படும் உள்ளீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் செல்லுபடியாகும் வழிதான். தடம் போடுவதற்குச் சௌகரியம். ஓட்டுபவருக்குக் கெபாசிட்டர் சுமை கூடும், வேகமான சுற்றில் அது உறுத்தும். நான் அவசரத்துக்கு மட்டுமே செய்வேன். வெளியீடுகளைப் பற்றி ஒரு வரி போதும்: மீந்த வெளியீட்டை எதிலும் கட்டாதீர்கள், அப்படியே விடுங்கள். "எல்லாவற்றையும் கிரவுண்டில் கட்டு" என்ற அறிவுரையை வெளியீட்டுக்கும் நீட்டித்துச் சிப்பைச் சுட்டவர்கள் இருக்கிறார்கள். இணைப்பில்லை என்று தரவுத்தாளே குறிக்கும் கால்களையும் விட்டுவிடலாம். 4049 சிப்பில் 13உம் 16உம் அப்படிப்பட்டவை. அதில் சப்ளை 1ஆம் காலில். பழக்கதோஷத்தில் 16இல் சப்ளை கொடுப்பவர்களுக்குச் சிப் பதிலே சொல்லாது.

இதுவரை சொன்னவை நிரந்தரமாகச் சும்மா கிடக்கும் கால்கள். கொஞ்ச நேரம் மட்டும் சும்மா கிடக்கும் கால்கள் இதைவிட ஆபத்தானவை என்பது என் அனுபவம். படத்தில் பார்க்கும்போது அவை சும்மா இருப்பதாகவே தெரியாது. மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து ஒரு கோடு மோட்டாரை ஓட்டும் மாஸ்ஃபெட்டுக்குப் போகிறது. ஒழுங்கான இணைப்பு. ஆனால் மின்சாரம் வந்த கணத்தில் மைக்ரோகண்ட்ரோலரின் கால்கள் எல்லாம் உள்ளீடாகத்தான் இருக்கும். நிரல் ஓடி, அதை வெளியீடு என்று அறிவிக்கும்வரை அந்தக் கோட்டை ஓட்ட ஆளில்லை. இடையில் நிரலேற்றி (புதிய நிரல் வருகிறதா என்று முதலில் பார்க்கும் சிறு நிரல்) ஓரிரு விநாடி காத்திருந்தால் அவ்வளவு நேரமும் மாஸ்ஃபெட் அந்தரத்தில் தொங்கும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிற்கும் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு இருந்தால் அந்தக் குலுக்கல் இல்லை. வடம் வழியாக வேறொரு பலகையிலிருந்து வரும் உள்ளீடுகளுக்கும் இதே கதி. வடத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் படத்தை முடிக்க வேண்டும்.

மைக்ரோகண்ட்ரோலரில் மீந்த கால்களுக்கு ஒரு வசதி உண்டு, நிரலிலேயே சரிசெய்துவிடலாம். ஏ.டி.மெகா328பி போன்றவற்றில் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான, காலைச் சப்ளைக்கு இழுக்கும் ரெசிஸ்டரை இயக்கிவிட்டால் போதும். எஸ்.டி.எம்.32 வகையில் காலை அனலாக் நிலைக்கு மாற்றினால் உள்ளீட்டுப் பகுதியே துண்டிக்கப்படுவதால் நடுவில் நின்றாலும் மின்சாரம் வீணாகாது. மீந்த காலை வெளியீடாக்கிப் பூஜ்யத்தில் வைப்பவர்களும் உண்டு. அதில் எனக்கு ஒரு தயக்கம்: சோதனையின்போது யாராவது அந்தக் காலைத் தவறுதலாகச் சப்ளையில் தொட்டால் சண்டை மூண்டுவிடும். எது எப்படியானாலும் மீட்டமைப்புக் காலையும், எந்த நிரலிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் காலையும் நிரலை நம்பி விடக்கூடாது. நிரல் ஓடுவதா வேண்டாமா என்பதையே அவைதான் முடிவு செய்கின்றன.

பலர் மாறிமாறிப் பேசும் பொதுத் தடங்களுக்கென்று கடைசி நிலையைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும் உள்ளீடு கொண்ட சிப்கள் இருக்கின்றன. எல்.வி.சி.எச். போல வரிசைப் பெயரின் கடைசியில் எச் வந்தால் பெரும்பாலும் அந்த வகை. உள்ளே இருக்கும் பலவீனமான பின்னூட்டமே பிடித்துக்கொள்வதால் அவற்றுக்கு வெளியே ரெசிஸ்டர் வேண்டாம். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று பலவீனமான ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் இரண்டும் இழுபறியில் இறங்கி, தடம் நடுவில் போய் நிற்கக்கூடும்.

கடைசியாக, இதெல்லாம் தெரிந்தவர்களின் பலகைகளிலும் மிதக்கும் கால்கள் ஏன் வருகின்றன? மின்சுற்று வரையும் மென்பொருள்கள் இணைக்காத உள்ளீட்டைப் பார்த்ததும் புகார் செய்யும். அதன் வாயை அடைக்க ஒரு பெருக்கல் குறியும் கொடுத்திருக்கிறார்கள். வெளியீட்டுக்கும் இணைப்பில்லாத காலுக்கும் போட வேண்டிய அந்தக் குறியை, எச்சரிக்கைப் பட்டியல் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் உள்ளீட்டிலும் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு வழி இன்னும் நுட்பமானது. நான்கு கேட் கொண்ட சிப்பை மென்பொருள் நான்கு தனித்தனி உருவங்களாகத் தருகிறது. மூன்றைப் படத்தில் வைத்துவிட்டு நான்காவதை வைக்கவே மறந்தால், அதன் கால்கள் படத்தில் இல்லை. சில மென்பொருள்களின் பழைய பதிப்புகள் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. பலகையில் மட்டும் தடமே இல்லாத மூன்று திட்டுகள் கிடக்கும். ஆகவே படம் வரையத் தொடங்கும்போதே நான்கையும் வைத்துவிடுவேன், மீந்ததை ஓரமாகத் தள்ளி அங்கேயே கட்டிவிடுவேன்.

74எச்.சி.00இல் நான்கில் எந்தக் கேட் மீந்தாலும் சரி என்றால் நான்காவதை மீதம் வைப்பேன். அதன் உள்ளீடுகள் 12, 13. அடுத்தாற்போல் 14 சப்ளை. மூன்றையும் ஒரே நேர்த் தடத்தில் கட்டிவிடலாம். அந்தத் தடம் சிப்பின் வயிற்றுக்கு அடியில் ஓடாமல் வெளிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டும். பலகை அச்சாகி வந்த பிறகு எங்கோ ஒரு சமிக்ஞையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது என்று தெரியவந்தால், 13க்கும் 14க்கும் நடுவே கத்தியால் ஒரு கீறல் போதும். 12உம் 13உம் சேர்ந்தே இருப்பதால் இன்வெர்ட்டர் தயார். அவற்றில் ஒரு கம்பி, 11இல் ஒரு கம்பி.